மார்க்கம் வீட்டின்மேல் விழுந்த லீன்

கேள்வி: வணக்கம் ஐயா. ஸ்காபரோவில் பதினொரு வருடமாகச் சின்னதாக ஒரு கட்டட நிறுவனம் நடத்துகிறேன். மார்க்கத்தில் ஒரு வீட்டைப் பெருப்பித்துக் கட்டும் வேலையில் ட்ரைவோலை, அதாவது உட்சுவர்ப் பலகை வேலையை, ஒரு சப்பிடம் (உப ஒப்பந்தக்காரரிடம்) கொடுத்திருந்தேன். மார்ச் 14 அன்று அவர் வேலையை விட்டுப் போனார். சுவரில் மூட்டெல்லாம் தெரிந்ததால் வேறு ஆள் பிடித்துத் திருத்தினேன். ஏப்ரல் 2 அன்று நான் வட்ஸ்அப்பில் கூப்பிட்டதால் ஒரு நாள் வந்து பேஸ்மன்ட் சீலிங்கில் வேலை செய்தார். என் கணக்கில் அவருக்குக் கொடுக்க இருப்பது 31,000 டொலர்தான். அவரோ மே 28 அன்று 86,000 டொலருக்கு லீன், அதாவது தனக்கு வரவேண்டிய காசுக்காக வீட்டின்மேல் ஓர் உரிமைக் கோரிக்கை, பதிந்திருக்கிறார். லீன் போடமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வைத்தவர். 45 நாள் தாண்டினால் லீன் செல்லாது என்று ஒரு நண்பர் சொல்கிறார். வீட்டுக்காரரின் வங்கி பணத்தை நிறுத்திவிட்டது. வீட்டுக்காரர் கடைசியாகத் தந்த காசில் வேறொரு வேலைக்குச் சாமான் வாங்கிவிட்டேன், கையிலும் ஒன்றும் இல்லை. இதற்கிடையில் நகராட்சியின் சமூக நிலைய வேலைக்கு லைட் தந்த கடைக்காரர் 42,000 டொலர் கேட்டு, அந்த வேலையில் எனக்காகப் பிணை நின்ற பொண்ட் கம்பனிக்கு எழுதியிருக்கிறார். அந்த லைட்டுகளில் ஒரு பகுதியை நான் திருப்பி அனுப்பியாயிற்று. பொண்ட் கம்பனி பார்த்துக்கொள்ளும்தானே? லீனை எப்படி உடைப்பது?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். லீனைப் பற்றி நீங்கள் கேட்டதற்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காமல் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் என்னைக் கவலைப்படுத்துகிறது: வீட்டுக்காரர் தந்த காசில் வேறு வேலைக்குச் சாமான் வாங்கினேன் என்ற வரி. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் வங்கி நிறுத்திய காசைத் திரும்ப ஓட வைக்க வேண்டும்.

கையெழுத்து விஷயத்தை முதலே முடித்துவிடுவோம். எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தின் கட்டுமானச் சட்டத்தில் 4ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது: இந்தச் சட்டம் தரும் உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது. லீன் போடமாட்டேன் என்று அவர் நூறு இடத்தில் கையெழுத்து வைத்திருந்தாலும் அந்தத் தாளால் உங்களுக்குப் பயனில்லை. அதை நீதிமன்றத்தில் நீட்டி நேரத்தையும் காசையும் விடவேண்டாம். நண்பர் சொன்ன 45 நாள் ஒரு காலத்தில் உண்மையாக இருந்தது. 2018 ஜூலை 1க்கு முன் செய்த ஒப்பந்தங்களுக்கு அந்தக் கணக்கு. அதற்குப் பிறகு 60 நாள்.

சரி, இப்போது லீனை வீட்டு உறுதியிலிருந்து எடுப்பது. லீன் செல்லுமா செல்லாதா என்று சண்டை பிடிப்பது ஒன்று, அதைக் காணிப் பதிவிலிருந்து அகற்றுவது வேறொன்று. பலர் முதலாவதை வென்ற பிறகுதான் இரண்டாவது நடக்கும் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அதற்குள் வீட்டுக்காரர் ஒப்பந்தத்தையே முறித்துவிடுவார். சட்டத்தின் 44ஆம் பிரிவு இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. லீன் தொகை முழுவதையும், அதோடு வழக்குச் செலவுக்காக அந்தத் தொகையின் 25 சதவீதத்தையும் நீதிமன்றத்தில் கட்டினால், அல்லது அதற்குப் பிணை வைத்தால், நீதிமன்றம் லீனை அகற்றியே ஆகவேண்டும். அந்தச் செலவுத் தொகைக்கு உச்சவரம்பு 250,000 டொலர். மற்றப் பக்கத்துக்கு அறிவித்தல் கொடுக்காமலே இந்த விண்ணப்பத்தைச் செய்யலாம். உங்கள் விஷயத்தில் 86,000 உடன் 21,500 சேர்த்து 107,500 டொலர்.

கையில் ஒன்றும் இல்லாதபோது 107,500க்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். காசாகத்தான் கட்ட வேண்டும் என்றில்லை. வங்கி தரும் லெட்டர் ஒவ் கிரெடிட் என்ற உத்தரவாதக் கடிதம் போதும், இல்லையென்றால் ஒன்ராறியோவில் அனுமதி பெற்ற காப்புறுதி நிறுவனம் தரும் லீன் பொண்ட் போதும். இரண்டுக்கும் அவர்கள் உங்களிடம் ஏதாவது ஈடு கேட்பார்கள். அதைவிட லேசான ஒரு வழியும் சில வேளை இருக்கிறது: வீட்டுக்காரர் உங்களுக்கு இன்னும் தர இருக்கும் காசிலிருந்தே அவர் நேரடியாக நீதிமன்றத்தில் கட்டுவது. லீன் பற்றி எழுத்தில் தெரியவந்தவுடன் வழக்கமான பத்து சதவீத ஹோல்ட்பேக்குக்கு (லீன் காலம் முடியும் வரை பிடித்து வைக்கும் பங்குக்கு) மேலதிகமாக அந்த லீன் அளவு காசையும் அவர் மறித்து வைக்கத்தான் வேண்டும். மறித்து வைத்த காசு சும்மா கிடப்பதைவிட நீதிமன்றத்தில் கிடந்து லீனை அகற்றட்டுமே. அவருடைய லோயரோடு உங்கள் லோயர் கதைத்தால் ஒரு கிழமைக்குள் முடிக்கக்கூடிய விஷயம் இது. வீட்டுக்காரரோடு கோபப்படாமல் இருங்கள், இப்போது அவர்தான் உங்களுக்கு மிகப் பெரிய துணை.

தொகை அநியாயம் என்று காட்ட உங்களிடம் தாள் இருந்தால், மற்றப் பக்கத்துக்கு அறிவித்தல் கொடுத்து, குறைந்த பிணையோடு விடும்படி நீதிபதியைக் கேட்கவும் இடமுண்டு. ஆனால் அதற்கு நாள் எடுக்கும். வங்கி கதவைச் சாத்திவிட்ட நிலையில் முழுத் தொகையைக் கட்டி லீனை எடுத்துவிட்டு, பிறகு தொகையைக் குறைக்கப் போராடுவதுதான் என் யோசனை. லீன் அகன்றாலும் சண்டை முடியாது. அவருடைய பிடி வீட்டிலிருந்து அந்தக் காசுக்கு மாறுகிறது, அவ்வளவுதான்.

அடுத்தது நாள் கணக்கு. உங்கள் சப்பைப் போன்ற ஒருவருக்கு, கடைசியாக வேலை செய்த நாளிலிருந்து 60 நாளுக்குள் லீனைப் பதிய வேண்டும். பெரிய வேலைகளில் கணிசமாக முடிந்ததற்கான சான்றிதழை வெளியிட்டால் அந்த நாளும் கணக்கில் வரும், உங்கள் கடிதத்தில் அப்படி ஒன்று இல்லை. மார்ச் 14 கடைசி நாள் என்றால் 60 நாள் மே 13 உடன் முடிந்தது. மே 28 அன்று பதிந்தது பிந்திய லீன். நீதிமன்றம் அது காலாவதியாகிவிட்டது என்று சொல்லியே ஆகவேண்டும். ஏப்ரல் 2 கடைசி நாள் என்றால் ஜூன் 1 வரை நேரம் இருந்தது, லீன் சரியான நேரத்தில்தான் விழுந்திருக்கிறது.

ஆகவே அந்த ஒரு நாள் அவர் பேஸ்மன்ட் சீலிங்கில் என்ன செய்தார் என்பதில்தான் முழு வழக்கும் தொங்குகிறது. ஒப்பந்தத்தில் இருந்த மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தாரென்றால் அது வேலை நாள். தான் முன்பு செய்த பிழையைத் திருத்த மட்டும் வந்தார், அல்லது ஏணியையும் ஆணிப் பெட்டியையும் எடுக்க வந்தார் என்றால், அந்த நாளை வைத்துக் கடிகாரத்தை நீட்ட முடியாது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. நீங்கள் அவரை வட்ஸ்அப்பில் கூப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் செய்தியில் என்ன எழுதினீர்கள்? "நீ விட்ட பிழையைத் திருத்து" என்றா, "மிச்சத்தை முடிச்சுத் தா" என்றா? இரண்டாவது என்றால் அது அவருக்கு நீங்களே எழுதிக் கொடுத்த சாட்சி. எதுவாக இருந்தாலும் அழிக்க வேண்டாம். அவருடைய கைபேசியிலும் அது இருக்கிறது, நீங்கள் அழித்தது தெரிந்தால் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நீதிபதி நம்பமாட்டார். அன்றைய நாள் குறிப்பு, படங்கள், வேறு யார் தளத்தில் நின்றார்கள் என்பது எல்லாவற்றையும் இன்றைக்கே சேர்த்து வையுங்கள்.

நாட்காட்டியில் இன்னொரு நாளையும் குறியுங்கள். லீனைப் பதிவது முதல் படி மட்டும்தான். பதியக்கூடிய கடைசி நாளிலிருந்து மேலும் 90 நாளுக்குள் அவர் வழக்குப் போட வேண்டும். போடாவிட்டால் லீன் செத்துவிடும். மார்ச் 14 கணக்கில் அது ஆகஸ்ட் 11, ஏப்ரல் 2 கணக்கில் ஆகஸ்ட் 30. அவர் பதிந்த மே 28 இலிருந்து எண்ணக்கூடாது, அந்தப் பிழையைப் பலர் விடுகிறார்கள். வழக்குப் போட்டாலும், போட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் விசாரணைக்கு நகர்த்தாவிட்டால் அப்போதும் லீன் போய்விடும்.

ஆனால் ஒன்றை மனதில் இருத்துங்கள். லீன் செத்தாலும் கடன் சாகாது. ஒப்பந்தத்தின் பேரில் வழக்குப் போட அவருக்குப் பொதுவாக இரண்டு வருடம் இருக்கிறது. லீன் பிந்திவிட்டது என்று வென்ற சந்தோஷத்தில் வீட்டுக்குப் போன ஒருவர், எட்டு மாதம் கழித்து வேறொரு வழக்கின் தாளோடு என்னிடம் வந்தார். அந்த இரண்டாவது வழக்கில் நிறுவனத்தோடு சேர்த்து அவருடைய பெயரும் இருந்தது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இனித் தொகை. அவர் கேட்பது 86,000, நீங்கள் ஒப்புவது 31,000. நடுவில் இருக்கும் 55,000க்குத் தாள் வேண்டும். அவருக்கு உண்மையில் கொடுக்க இருப்பதற்கு மேல் அவருடைய லீன் போகமுடியாது. இதே வேலையில் அவரால் உங்களுக்கு வந்த நட்டத்தைக் கழிக்கவும் சட்டம் விடுகிறது. ஆனால் "சுவர் வடிவாக இல்லை" என்று வாயால் சொன்னால் ஒரு டொலரும் கழியாது. பிழையைச் சொல்லி எப்போது எழுதினீர்கள், திருத்த அவருக்குச் சந்தர்ப்பம் கொடுத்தீர்களா, திருத்தியவர் எந்த அறைக்கு எத்தனை மணித்தியாலம் எடுத்தார், அவருடைய இன்வொய்ஸ் எங்கே, அவருக்குக் காசு போன காசோலை எங்கே? திருத்துவதற்கு முன் எடுத்த படங்கள் இல்லையென்றால் புதிதாகத் திருத்தியவரிடம் என்ன நிலையில் பார்த்தார் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். ஆறு மாதம் போனால் அவருக்கு மறந்துபோகும். வேறு வேலைகளில் அவரோடு இருக்கும் மனஸ்தாபக் கணக்கை இதற்குள் கொண்டுவர வேண்டாம்.

சட்டத்தின் 40ஆம் பிரிவின் கீழ் லீன் போட்டவரைச் சத்தியத்தின்மேல் குறுக்கு விசாரணை செய்யலாம். இதற்கு நீதிமன்ற உத்தரவு தேவையில்லை, ஆனால் ஒரு தரம்தான் செய்யலாம். எத்தனை ஷீட், எத்தனை ஆள், எந்தெந்த நாள், ஏப்ரல் 2 அன்று என்ன வேலை என்று கேட்டால் 86,000 எப்படி வந்தது என்பது வெளியே வரும். கணக்கை வேண்டுமென்றே ஊதியவர் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று 35ஆம் பிரிவு சொல்கிறது. இதை முதல் கடிதத்திலேயே தூக்கிக் காட்டி வெருட்ட வேண்டாம். கூடக் கேட்பது வேறு, வேண்டுமென்று ஊதுவது வேறு. குறுக்கு விசாரணையில் அவர் வாயால் வந்த பிறகு கையில் எடுத்தால்தான் அதற்குப் பெறுமதி.

நீங்கள் செய்ய மறந்திருக்கக்கூடிய ஒன்று: 2019 அக்டோபர் 1 முதல் காசு கொடுக்கும் காலத்துக்கும் விதி இருக்கிறது. நீங்கள் முறையான இன்வொய்ஸ் கொடுத்து 28 நாளுக்குள் வீட்டுக்காரர் உங்களுக்குத் தரவேண்டும், உங்களுக்குக் கிடைத்து 7 நாளுக்குள் நீங்கள் சப்புக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் மறிப்பதென்றால் எவ்வளவு, ஏன் என்று குறித்த காலத்துக்குள், குறித்த படிவத்தில் அவருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். கொடுத்தீர்களா? கொடுக்கவில்லையென்றால் அவர் நீதிமன்றத்துக்கே போகாமல், ஒன்ராறியோவில் இதற்கென்று இருக்கும் ஒடாக் என்ற அமைப்பிடம் தீர்ப்புக் கேட்கலாம். தாள்கள் கைக்கு வந்து 30 நாளில் அங்கே முடிவு வரும். முடிவு வந்து 10 நாளில் காசு கொடுக்க வேண்டும், பிழையென்றால் பிறகு நீதிமன்றத்தில்தான் திருத்தலாம். அதே வழி உங்களுக்கும் திறந்திருக்கிறது. 31,000தான் சரியென்று உங்கள் தாள் உறுதியாகச் சொன்னால், வருடக்கணக்கில் இழுபடும் லீன் வழக்கைவிட அது உங்களுக்கு மலிவு.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். வீட்டுக்காரர் தந்த காசு உங்கள் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் விழுந்தாலும் அது முழுக்க உங்கள் காசு இல்லை. சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி அது அந்த வேலையில் உழைத்தவர்களுக்காகவும் சாமான் தந்தவர்களுக்காகவும் நீங்கள் நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் காசு. அவர்களுக்குக் கொடுத்து முடியும் வரை வேறு வேலைக்கு, வான் தவணைக்கு, வீட்டு மோர்ட்கேஜுக்கு என்று எடுத்தால் அது நம்பிக்கை மோசடி என்ற கணக்கில் வரும். எங்கள் ஆட்கள் பலர் இதைத் தவறென்றே நினைப்பதில்லை. ஒரு வேலையின் காசால் இன்னொரு வேலையைத் தூக்குவதுதான் தொழில் என்று பழகிவிட்டார்கள். நீங்களும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் 13ஆம் பிரிவு நிறுவனத்தோடு நிற்பதில்லை. நிறுவனத்தை நடத்தும் இயக்குநரும், பெயருக்கு இல்லாவிட்டாலும் உண்மையில் நடத்துகிறவரும், தங்கள் சொந்தச் சொத்திலிருந்து கொடுக்க வேண்டி வரலாம். மேலே சொன்னவரின் பெயர் இரண்டாவது வழக்கில் ஏறியது இப்படித்தான்.

இதற்கும் பாதுகாப்பு இருக்கிறது. உங்களுக்கு அவரால் வந்த நட்டத்தின் அளவுக்கு அந்தக் காசை நீங்கள் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. இந்த வேலையில் வேறு சப்புகளுக்கும் கடைகளுக்கும் நீங்கள் கொடுத்ததெல்லாம் உங்கள் பக்கக் கணக்கு. ஆகவே மார்க்கம் வேலைக்கு வந்த ஒவ்வொரு டொலரும் எங்கே போனது என்று ஒரு தாளில் எழுதுங்கள். 2018 முதல் ஒவ்வொரு வேலைக்கும் இப்படித் தனிக் கணக்கு வைப்பது கட்டாயம். தனித்தனி வங்கிக் கணக்கு தேவையில்லை, பதிவு பிரிந்திருந்தால் போதும். சட்டத்தின் 39ஆம் பிரிவின் கீழ் அவர் உங்களிடம் தகவல் கேட்டு எழுதினால் 21 நாளுக்குள் பதில் கொடுக்க வேண்டும், பேசாமல் இருந்தால் அதற்கே நட்டஈடு வரலாம். வேறு வேலைக்குப் போன காசை முடிந்த வேகத்தில் திருப்பி வையுங்கள்.

நீங்கள் ஒப்புக்கொள்ளும் 31,000ஐ, அல்லது அதில் ஹோல்ட்பேக் போக மிச்சத்தை, லோயர் எழுதும் கடிதத்தோடு இப்போதே அவருக்குக் கொடுத்துவிடுங்கள். வழக்கு நடக்கும்போது எதற்குக் கொடுப்பது என்று தோன்றும். கொடுத்தால் லீன் தொகை அந்தளவு குறையும், நம்பிக்கைப் பொறுப்பு வழக்கின் வேகமும் அடங்கும், நீதிபதியின் முன்னால் நியாயமாக நடந்தவர் என்ற பெயரோடு நிற்பீர்கள். அந்த மனிதருக்கும் வாரக் கடைசியில் கூலி கொடுக்க நாலு பேர் இருப்பார்கள்.

பொண்டுக்கு வருவோம். நகராட்சியின் கட்டடத்தின்மேல் லீன் பதிய முடியாது, நகராட்சியின் கிளார்க்கிடம் உரிமைக் கோரிக்கையைக் கொடுக்கத்தான் முடியும். அதனால்தான் 500,000 டொலருக்கு மேற்பட்ட பொது வேலைகளுக்குத் கூலி, சாமான் கொடுப்பனவுக்கென்று தனிப் பொண்ட் கட்டாயம், அதன் அளவு ஒப்பந்த விலையில் குறைந்தது பாதி. லைட் கடைக்காரர் தட்டியிருப்பது அந்தக் கதவை.

பொண்ட் கம்பனி பார்த்துக்கொள்ளும்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். தம்பி, பொண்ட் காப்புறுதி இல்லை. கார் இடிபட்டால் காப்புறுதி கட்டிவிட்டுப் போய்விடும். பொண்ட் கம்பனி கடைக்காரருக்குக் கொடுத்த ஒவ்வொரு சதத்தையும், தன் லோயர் செலவையும் சேர்த்து, உங்களிடம் திருப்பிக் கேட்கும். பொண்ட் எடுத்த நாளில் ஈட்டுறுதி ஒப்பந்தம் என்று ஒரு கட்டுத் தாளில் கையெழுத்து வைத்திருப்பீர்கள். அனேகமாக நிறுவனத்துக்காக மட்டுமில்லை, உங்கள் பெயரிலும், பல குடும்பங்களில் மனைவியின் பெயரிலும். அந்தக் கோரிக்கை நியாயமென்று பொண்ட் கம்பனி நல்லெண்ணத்தில் முடிவெடுத்துக் கொடுத்துவிட்டால், கொடுத்தது பிழை என்று பிறகு நீங்கள் வாதாடுவதற்கு அந்த ஒப்பந்தங்களில் பெரும்பாலும் இடம் மிகக் குறைவு. ஆகவே உங்கள் எதிர்வாதம் அவர்கள் கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும்.

அவர்களின் கடிதத்துக்கு வந்த கிழமையே பதில் எழுதுங்கள். திருப்பி அனுப்பிய லைட்டுகளின் பட்டியல், லொறிக்காரர் கையெழுத்து வைத்த சீட்டு, கடை தந்த அல்லது தர மறுத்த கிரெடிட் நோட் (திருப்பிய சாமானுக்கான வரவுச் சீட்டு), எல்லாவற்றையும் சேருங்கள். கடைக்காரர் கடைசியாகச் சாமான் இறக்கிய நாள் எது என்று டெலிவரி சீட்டில் பாருங்கள். இந்தப் பொண்டுகளில் பொதுவாக 120 நாளுக்குள் அறிவித்தல் கொடுக்க வேண்டும் என்று இருக்கும். உங்கள் பொண்டில் எழுதியிருப்பதுதான் சட்டம், அதை வரி வரியாக வாசியுங்கள். அந்த 42,000இல் வேறு வேலைக்கு அவர் தந்த சாமான் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள், அது இந்தப் பொண்டில் வராது. நீங்கள் கொடுத்த காசோலையை அவர் எந்த இன்வொய்ஸுக்கு வரவு வைத்தார் என்று கேளுங்கள். பல கடைகள் பழைய கடனுக்கு வரவு வைத்துவிட்டுப் புதிய வேலையின் பொண்டில் கை வைக்கும். கொடுக்க வேண்டிய மிச்சம் இருந்தால் அதை மறைக்காமல் கொடுங்கள். பொண்ட் கம்பனி உங்களைப் பற்றி ஒரு தரம் மனம் முறிந்தால் அடுத்த பொது வேலைக்கு டெண்டர் போடவே முடியாது.

நான் சொன்னது ஒன்ராறியோவின் கணக்கு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் நாள் கணக்கே வேறு, அங்கே 45 நாள். ஒன்ராறியோவிலும் 2026 ஜனவரி 1 முதல் ஹோல்ட்பேக்கை வருடாவருடம் விடுவிக்கும் விதி வந்திருக்கிறது. ஆகவே இந்தப் பதிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு படிவம் நிரப்ப வேண்டாம். இந்தக் கிழமைக்குள் கட்டுமான வழக்குப் பார்க்கும் ஒரு லோயரிடம் போங்கள். வீடு வாங்கும்போது பார்த்த லோயர் இதற்குச் சரிவரமாட்டார். போகும்போது சப்போடு செய்த ஒப்பந்தம், வட்ஸ்அப் முழுவதும், வங்கிக் கணக்கு, பொண்ட், அந்த ஈட்டுறுதி ஒப்பந்தம் எல்லாம் கொண்டு போங்கள். அதில் உங்கள் மனைவியின் கையெழுத்தும் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்ன நடக்கிறதென்று அவருக்கும் தெரிய வேண்டும்.